தைவானில் வயது கூடக் கூடத் தொற்றும் கூடுகிறதா?
வணக்கம். தைவான் அட்டவணையில் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் கிருமித்தொற்று) இளையோரிடம் குறைந்தும் நாற்பதைக் கடந்தோரிடம் மிகுந்தும் இருப்பதால், வயதாக ஆகத் தொற்று கூடுகிறது என்று ஆய்வேட்டில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். அது பெரும்பாலும் வயதின் விளைவன்று, பிறந்த ஆண்டின் விளைவு. பிறப்பின்போது தாயிடமிருந்து இக்கிருமியைப் பெறும் குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் அது நிலைத்துவிடுகிறது. வளர்ந்தபின் தொற்றுக்கு ஆளாவோரிலோ 5 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடமே நிலைக்கிறது. 1984 ஜூலையில் கிருமியுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986 முதல் எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் அங்கே தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர், சிறுவயதில் பெற்ற தொற்றையே இன்றும் சுமக்கிறார்கள். ஆகவே தரவை 1984, 1986 ஆகிய எல்லைகளில் பிறந்த ஆண்டுவாரியாகப் பிரித்துப் பாருங்கள்.