புகார்

கேள்வி: மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் திறந்த தண்ணீரெல்லாம் வீணாகக் கடலில் கலக்கிறதே, யாரிடம் புகார் செய்வது? - ஒரு வாசகர், லால்குடி

பதில்: புகாரிடமே செய்யுங்கள். ஆறு கடலில் புகும் இடம் என்பதால் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த பெயர் அது. ஆறும் கடலும் கூடும் சங்கமுகத் துறையில் நீராடுவதைப் பேறாக நினைத்த ஊர். உருதுவிலிருந்து வந்த இன்னொரு ‘புகார்’ அந்த அழகான சொல்லை நம் வாயிலிருந்து துரத்திவிட்டது. அந்த வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

அதைவிடப் பெரிய கோபம் ‘வீணாக’ என்ற சொல் மீது. வெள்ளம் வந்தால் போதும், எல்லாத் தலைப்பிலும் அது ஏறிக்கொள்கிறது. நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் எங்கே பார்த்தாலும் அடித்துவிடுகிறேன்.

கலங்கல் தண்ணீர் சும்மா போவதில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, பாறையிலிருந்து கரைந்துவந்த சிலிக்கா எல்லாவற்றையும் சுமந்து போகிறது. கண்ணுக்குத் தெரியாத டயாட்டம் பாசிகள் அந்தச் சிலிக்காவில்தான் ஓடு கட்டிக்கொள்கின்றன. அவற்றை நம்பிச் சிற்றுயிர்கள், சிற்றுயிர்களை நம்பிச் சாளை மீன், சாளையை நம்பிக் கரையில் அடுப்பு. வெள்ளை இறால் கடலில் முட்டையிட்டாலும் அதன் குஞ்சு வளர்வது உப்புக் குறைந்த கழிமுகத்தில். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும்.

நைல் நதியைப் பாருங்கள். 1962இல் எகிப்தின் மத்தியதரைக் கடலோரத்தில் கிடைத்த சாளை ஏறத்தாழ 18,000 டன். அஸ்வான் உயர் அணையில் 1964 முதல் தண்ணீரைத் தேக்கினார்கள். 1969இல் கிடைத்தது சுமார் 600 டன்! பல ஆண்டு கழித்து மீன்வளம் தேறியபோது, வயல் உரமும் நகரச் சாக்கடையும்தான் வண்டலின் வேலையைச் செய்தன என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். சாக்கடை செய்யவேண்டிய வேலையா அது?

ஏரி குளங்களைத் தூர்வாரி வெள்ளத்தைத் தேக்குங்கள், உங்கள் பக்கம் நிற்கிறேன். கடலின் பங்கை மட்டும் வீண் என்று சொல்லாதீர்கள்.

முட்டையிடக் கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறிவந்த மீன் ஒன்று இருந்தது. பெயர் உள்ளம். குறுக்கே அணைக்கரையில் கீழணை வந்தது, 1934இல் மேட்டூர் வந்தது, உள்ளம் அருகிப்போனது. கோதாவரிக்காரர்கள் அதே மீனைப் புலசா என்று அழைத்து, ஒவ்வோர் ஆண்டும் வெள்ளத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.