சத்தம் ஓரிடம், செலவு வேறிடம்: பழைய எஸ்யூவி சஸ்பென்ஷன் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 2010 மாடல் ஃபோர்டு எண்டவர், டூ வீல் டிரைவ். மேடு பள்ளத்தில் மெதுவாகப் போனாலும் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம் வருகிறது. நான்கு ஷாக் அப்சார்பரும் போய்விட்டன, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார்கள் ஒர்க்‌ஷாப்பில். மாற்றிவிடலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஷாக் அப்சார்பர் போன வண்டி சத்தம் போடுவதைவிட அதிகமாக ஆடும். வேகத்தடையைத் தாண்டியதும் ஒருமுறை அமுங்கி எழுந்து அடங்கவேண்டிய வண்டி மூன்று நான்கு முறை எழும்பி இறங்கும். பிரேக் போட்டால் முன்பக்கம் குனியும். டயர் சீராகத் தேயாமல் திட்டுத்திட்டாகத் தேயும். உள்ளங்கையால் தடவினாலே மேடு பள்ளம் தெரியும். இதில் எதுவும் இல்லாமல், மெதுவாகப் போகும்போது டொக் டொக் மட்டும் கேட்கிறது என்றால், முதலில் பார்க்கவேண்டியது ரப்பரை.

உங்கள் எண்டவரில் முன்னால் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிடிக்கும் இரண்டு ஆர்ம்), டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் நீளக் கம்பி); பின்னால் லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்). மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் கம்பி), ஷாக் அப்சார்பரின் மேல்முனை, கீழ்முனை என்று இரும்பும் இரும்பும் சேரும் இடமெல்லாம் நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். பதினைந்து வருட வெயிலில் இரும்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, ரப்பர் வெடித்துவிடும். நான் பார்த்தவரை இந்த மாதிரிச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கம் இணைக்கும் லிங்க் ராடு, அல்லது அந்தப் பாரைச் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பிடிக்கும் புஷ். சஸ்பென்ஷனிலேயே விலை குறைந்த சாமான்கள் இவைதான். விலை குறைவு என்பதாலோ என்னவோ, எஸ்டிமேட்டில் இவற்றின் பெயர் கடைசியில்தான் வருகிறது.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி வைத்துவிட்டு, சத்தம் வரும் அதே சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் வேலை முடிந்தது. (லிங்க் ராடு இல்லாமல் வளைவுகளில் வண்டி அதிகமாகச் சாயும். சோதித்ததும் மாட்டிவிடுங்கள், அப்படியே பைபாஸ் ஏறிவிடாதீர்கள்.) சத்தம் நிற்கவில்லையா? முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டு (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு). ஒருவர் ஆட்ட, இன்னொருவர் கீழே ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் கை வைத்துப் பார்க்கவேண்டும். தேய்ந்த ஜாயின்ட் விரலுக்குத் தெரிந்துவிடும். பால் ஜாயின்ட்டைச் சோதிக்கும்போது ஒரு விஷயம்: டார்ஷன் பார் எந்த ஆர்மில் பிடித்திருக்கிறதோ அந்த ஆர்மின் பால் ஜாயின்ட்தான் எடை தாங்குவது. அந்த ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால்தான் எடை விலகி ஆட்டம் தெரியும். சேஸிஸில் கொடுத்துத் தூக்கினால் தேய்ந்த ஜாயின்ட்கூட இறுக்கமாகவே இருப்பதுபோல் ஏமாற்றும்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஷாக் அப்சார்பர்தான் என்று தெரிந்தால் மாற்றுங்கள். உடம்பில் லேசாக எண்ணெய்ப் பசை படிந்து புழுதி ஒட்டியிருந்தால் அது பழுது இல்லை. எண்ணெய் வழிந்து கீழ்முனை வரை ஈரமாக இருந்தால்தான் பழுது. மாற்றும்போது முன்பக்கம் இரண்டையும் ஜோடியாக, அல்லது பின்பக்கம் இரண்டையும் ஜோடியாக மாற்றவேண்டும். நான்கையும் ஒரே நாளில் மாற்றவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கேள்வி: என்னுடையது டாடா சஃபாரி டைகோர். முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்களைப் புதிதாக மாற்றினேன். ஆறு மாதத்திலேயே கிழிந்துவிட்டன. டூப்ளிகேட் சாமான் போட்டுவிட்டார்களா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: டூப்ளிகேட்டாக இருக்கலாம். ஆனால் நல்ல கம்பெனி புஷ்ஷும் ஆறு மாதத்தில் கிழியும், மாட்டியவர் தவறாக முறுக்கியிருந்தால். இந்தப் பகுதிக்கு வரும் சஸ்பென்ஷன் கடிதங்களில் பாதி இந்த ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புஷ் என்பது உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் சேஸிஸோடு இறுகிவிடும். வெளிக்குழாய் ஆர்மோடு சேர்ந்து அசையும். ஆர்ம் ஏறி இறங்கும்போது உள்ளே எதுவும் வழுக்குவதில்லை. நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கி விடுபடுகிறது. அப்படி இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் முறுக்கவே அது செய்யப்பட்டிருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் என்ன நடக்கிறது? வண்டியை லிஃப்ட்டில் தூக்குகிறார்கள். சக்கரம் அந்தரத்தில், ஆர்ம் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது. புது புஷ்ஷைப் போட்டு, அதே நிலையில் போல்ட்டை இறுக்கி முடித்துவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே வருகிறது, ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு விடுவதில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மேலும் முறுக்கி, சீக்கிரத்தில் கிழிந்துவிடுகிறது. பழி புஷ் கம்பெனி மேல் விழுகிறது.

சரியான முறை இதுதான்: போல்ட்டைக் கையால் முறுக்கும் அளவுக்கு மட்டும் மாட்டிவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிற்க வைத்து, ஒருமுறை முன்னும் பின்னும் உருட்டி, எடை முழுவதும் இறங்கிய பிறகு டார்க் ரென்ச்சில் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) இறுக்குவது. சக்கரம் தரையில் இருக்கும்போதே அடியில் போய் வேலை செய்ய நம்மூர் பழைய ‘பிட்’ (வண்டிக்கு அடியில் இறங்கி நிற்கும் குழி) போல வசதியானது வேறில்லை. ‘இறுக்குவதை எப்படிச் செய்வீர்கள்?’ என்று வேலை கொடுக்கும் முன்பே கேளுங்கள். ‘அதெல்லாம் ஒன்றும் இல்லை சார், லிஃப்ட்டிலேயே முடித்துவிடலாம்’ என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள்: கீச் கீச் சத்தத்துக்கு ரப்பர் புஷ் மேல் கிரீஸோ பழைய இன்ஜின் ஆயிலோ தடவுவது. இரண்டு நாள் சத்தம் நிற்கும், அப்புறம் ரப்பர் ஊறி உப்பிவிடும். கிரீஸ் நிப்பிள் வைத்த பால் ஜாயின்ட்டுக்கு கிரீஸ் அடிக்கலாம், அடிக்கவும் வேண்டும், ரப்பருக்குக் கூடாது. பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கெட்டியான பிளாஸ்டிக் வகை) புஷ் போடலாமா என்றால், உழைக்கும்தான், ஆனால் சாலையின் அதிர்வு அப்படியே உள்ளே வரும். குடும்பத்தோடு போகும் வண்டிக்கு நான் சொல்லமாட்டேன்.

புஷ் மாற்றிய பிறகு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு முன்கூட்டியே அலைன்மென்ட் பார்ப்பது காசைத் தெருவில் போடுவதுதான். பல இடங்களில் டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். கேம்பர் (சக்கரம் நிற்கும் சாய்வு), காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் சாய்வு) இரண்டும் சேர்த்து, செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த பிரின்ட் கேளுங்கள்.

கேள்வி: பழைய எண்டவரின் பின்பக்கம் தொங்கிவிட்டது. லீஃப் ஸ்பிரிங்கை வளைவு ஏற்றித் தருகிறேன், கூடவே ஒரு பிளேட்டும் சேர்த்துவிடலாம் என்கிறார் ஸ்பிரிங் பட்டறைக்காரர். (ஓசூர் வாசகர்)

பதில்: வளைவு ஏற்றுவது தற்காலிகம்தான். அந்த எஃகுக்கு ஆலையில் ஒரு பதம் கொடுத்திருப்பார்கள். உலையில் காய்ச்சி அடித்தால் அந்தப் பதம் போய்விடும். மறுபடி முறையாகக் கொடுக்கும் வசதி எல்லாப் பட்டறையிலும் இருக்காது. காய்ச்சாமல் அடித்து வளைத்தால் கொஞ்ச நாளில் பழையபடி தொங்கும். பிளேட் சேர்ப்பது எப்போதும் பாரம் ஏற்றுபவருக்குச் சரி. இரண்டு பேர் மட்டும் போகும் வண்டியில் சேர்த்தால் பின் சீட்டில் உட்காருபவர் உங்களோடு பேசமாட்டார். முதலில் ஷாக்கிள் புஷ் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் இணைப்பின் ரப்பர்), சென்டர் போல்ட் (பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிப்பது), யு போல்ட் (ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டுவது) மூன்றையும் பாருங்கள். பிளேட்டில் விரிசல் இருந்தாலோ வளைவு அறவே போயிருந்தாலோ இரண்டு பக்கமும் புது செட் போடுங்கள். யு போல்ட்டைப் பழையதையே திரும்ப மாட்டவேண்டாம். இழுபட்ட போல்ட் மறுபடி அதே இறுக்கத்தில் நிற்காது.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் பழைய சஃபாரியோ எண்டவரோ வாங்க ஆசை. சஸ்பென்ஷனில் எதைப் பார்க்கவேண்டும்? எண்டவர் என்றால் ஸ்பேர் கிடைக்குமா? (சென்னை வாசகர்)

பதில்: ஒரு டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள். சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) விளிம்பு வரை அளந்து இடது, வலது ஒப்பிடுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருந்தால் ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ தளர்ந்திருக்கிறது, இல்லை வண்டி அடி வாங்கியிருக்கிறது.

அடுத்து கீழே குனிந்து டார்ஷன் பாரின் அட்ஜஸ்டர் போல்ட்டைப் பாருங்கள். சுற்றிலும் புழுதி அப்பியிருக்க, மரை மட்டும் புதிதாகப் பளபளத்தால், விற்பதற்காக முன்பக்கத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது மிகச் சுலபமான வேலை, ஸ்பேனர் ஒன்று போதும். ஆனால் போல்ட்டை முறுக்குவதால் பாரின் வலு கூடுவதில்லை. சக்கரம் கீழே இறங்கவேண்டிய தூரத்தை எடுத்துக்கொண்டுதான் வண்டி உயர்கிறது. அதனால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆர்ம் கீழ் ஸ்டாப்பரில் போய் இடிக்கும். ஃபோர் வீல் டிரைவ் என்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணமும் கூடி, அதன் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும்.

முன் டயரின் உள் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் நன்றாக இருந்து உள்பக்கம் மட்டும் தேய்ந்த டயர் பல கதை சொல்லும். டயர் புதிது என்றால் சந்தோஷப்படாமல் ஏன் இப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ‘சஸ்பென்ஷன் கடினமாக இருக்கிறது’ என்ற புகாரில் பாதி, கெட்டிப்பட்ட பழைய டயர்தான். சென்னை வண்டி என்பதால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்றதா என்றும் விசாரியுங்கள். தண்ணீர் புகுந்த பேரிங்கில் கிரீஸ் பால்போல வெளுத்திருக்கும்.

ஸ்பேர் விஷயம்: இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் கார் உற்பத்தியும் நின்றது. சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்றார்கள். புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் போன்ற தேயும் சாமான்கள் வெளிச்சந்தையிலும் கிடைக்கும். கேப்ரியல், ரானே மாதிரி கம்பெனிகளின் கேட்டலாக்கில் உங்கள் மாடல், வருடம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘இதுவும் பொருந்தும்’ என்று கடைக்காரர் நீட்டுவதை வாங்காமல், பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்குங்கள். 2016-க்குப் பிந்தைய எண்டவருக்குப் பின்னால் காயில் (சுருள்) ஸ்பிரிங். பெயர்தான் ஒன்று, சாமான் வேறு.

கேள்வி: சஃபாரியின் பின்பக்க காயில் ஸ்பிரிங் இடுக்கில் ரப்பர் பஃபர் போட்டால் வண்டி உயரும் என்கிறார்களே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: உயரும். அந்தச் சுற்று வேலை செய்யாமல் போக, மிச்சமிருக்கும் சுற்றுகள் கூடுதல் பாரம் வாங்கும். வேண்டாம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஜோடியாகப் புதிது போடுங்கள்.

கேள்வி: ‘பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம்’ என்றார் மெக்கானிக். சம்மதித்தேன். இப்போது வேலை சரியில்லை, கேட்டால் கையை விரிக்கிறார். என்ன செய்வது? (மதுரை வாசகர்)

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி ஒரே சீராக 18 சதவீதம், பலவற்றுக்கு முன்பு 28. மிச்சம் பிடிக்கிற ஆசைக்கு இப்போது அவ்வளவு நியாயமும் இல்லை. பில் இல்லாவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. யுபிஐயில் பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப்பில் வந்த எஸ்டிமேட், கழற்றிய பழைய சாமான், புது சாமான் வந்த டப்பா எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். டப்பாவில் எம்ஆர்பி, பார்ட் நம்பர் இருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் புகார் செய்யுங்கள். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறைபாடு ஏற்பட்ட இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. அதற்கு முன் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் காட்டி, என்ன குறை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுங்கள். குறையைச் சரிசெய்துவிட்டுப் புகார் கொடுக்கப் போனால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.