பின்பனிக் காலக் கோடியக்கரை: வாசகர் கேள்வி – பதில்

நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரத்தில் உள்ள கோடியக்கரைச் சரணாலயப் பயணம் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் இம்மாதம் மேசையில் குவிந்துவிட்டன. கடலே இல்லாத கொங்கு நாட்டிலிருந்து கடற்கரை உயிர்களைப் பற்றி இத்தனை பேர் அக்கறையோடு கேட்டிருப்பது உள்ளபடியே மகிழ்ச்சி தருகிறது. ஒரே பொருள் குறித்து வந்தவற்றை ஒன்றாக்கி, ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பெருந்துறை வாசகர்: பொங்கல் விடுமுறையில் கோடியக்கரைக்குப் போக முடியவில்லை. மாசிக் கடைசியில் போனால் பறவைகள் மிஞ்சியிருக்குமா? அடுத்த கார்த்திகை வரை பொறுத்திருப்பது நல்லதா?

பொறுத்திருக்க வேண்டாம், புறப்படுங்கள். மாசியையும் பங்குனியையும் பின்பனி என்று நம் முன்னோர் தனியே பிரித்து வைத்தார்கள். கரையோரப் பறவைகளைப் பார்ப்பதற்கு அந்தப் பருவத்தின் முன்பாதி மிக நல்ல காலம் என்பது என் கருத்து. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய வேதாரண்யம் சதுப்பு நிலம் தை பிறந்ததும் மெல்ல வற்றத் தொடங்குகிறது. கார்த்திகையில் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடந்த நீர் மாசியில் திட்டுத் திட்டான குட்டைகளாகச் சுருங்குவதால், அதுவரை எங்கெங்கோ சிதறியிருந்த உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சிறு கரைப்பறவைகள் அக்குட்டைகளின் ஓரத்தில் நெருங்கி நின்று இரை தேடும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்து வகைகள்தாம் முதலில் கிளம்புபவை. அவற்றையே முதன்மையாகப் பார்க்க விரும்பினால் தை மாதம் ஏற்றது. பூநாரைகளைப் பெரும்பாலும் மார்ச் வரை பார்க்கலாம்.

கோவையிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் பயணம். கரூர், திருச்சி, தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் சென்று இரவு தங்கிவிட்டு, விடியும் முன்பே கிளம்புவது நல்லது. ஒன்பது மணிக்கு மேல் உப்பளத்தின் மீது கானல் ஆடத் தொடங்கினால் இருநோக்கியில் (பைனாகுலரில்) தெரிவதெல்லாம் நெளியும் கோடுகளாகிவிடும். சரணாலயத்துக்குள் செல்ல வனத்துறையிடமும், உப்பளப் பாதைகளில் செல்ல அவற்றை நடத்துவோரிடமும் முன்கூட்டியே இசைவு பெற்றுக்கொள்ளுங்கள். இருநோக்கி வாங்க எண்ணுவோருக்கு எட்டு மடங்கு பெருக்குவது போதும்; பத்து மடங்கு கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெருக்கும்.

காங்கேயம் வாசகி: உறவினர் அனுப்பிய படத்தில் பூநாரைக் கூட்டத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் சில பறவைகள் நிற்கின்றன. அவை வேறு இனமா? பூநாரை ஏன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தின்கிறது?

அவை வேறு இனமல்ல, பூநாரையின் இளம் பறவைகள். பூநாரை பிறக்கும்போது இளஞ்சிவப்பாகப் பிறப்பதில்லை. உவர்நீரில் வாழும் நுண்பாசிகளிலும் அவற்றைத் தின்று வளரும் சிறு இறால்களிலும் உள்ள நிறமிகள், கேரட்டுக்கு நிறம் தரும் பொருளின் உறவுப் பொருள்கள், உணவோடு உடலில் சேர்ந்து இறகுக்கு ஏறச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு கூட்டத்தில் சாம்பல் நிறப் பறவைகள் தென்படுவது, எங்கோ அவற்றின் இனப்பெருக்கம் அண்மையில் நல்லபடியாக நடந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். நம் நாட்டில் அவை பெருமளவில் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் உப்புப் பாலைவனம்.

இரண்டாம் கேள்விக்கு நான் கண்டதைச் சொன்னால் எளிதில் விளங்கும். ஒரு மாசி மாதக் காலையில் உப்பளக் கரையோரம் வண்டியை நிறுத்தி, இறங்காமல் உள்ளேயே அமர்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் ஒரு பூநாரை இரை தேடிக்கொண்டே அருகில் வந்துவிட்டது. கால்களை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கியது; பின் கழுத்தை இறக்கி, அலகின் மேற்பாதி கீழே வரும்படி தலையைக் கவிழ்த்து நீருக்குள் வைத்து இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடந்தது. தொண்டை இடைவிடாமல் துடித்தது. அந்தத் துடிப்பு நாக்கின் வேலை. தடித்த நாக்கு உந்துதண்டு போல முன்னும் பின்னும் இயங்கி நீரை அலகுக்குள் இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போல வரிசையாக அமைந்த மெல்லிய தகடுகள் நுண்ணுயிர்களை மட்டும் வடிகட்டி நிறுத்திக்கொள்கின்றன. அலகு நடுவில் வளைந்திருப்பதும் இதற்காகவே: கவிழ்ந்த நிலையில் அதன் முன்பகுதி நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும். கால் நடுவே முழங்கால் போலத் தோன்றுவது உண்மையில் கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது.

இப்படி வாங்கும் நீரெல்லாம் ஆழமற்ற உவர்நீராக இருந்தால்தான் இப்பறவைக்குப் பிழைப்பு. 2002 ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் ராம்சார் நிலமாக, அதாவது ஈரநிலங்களுக்கான உலக ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்த இடமாகக் கோடியக்கரை அறிவிக்கப்பட்டதற்கு இத்தகைய ஆழமற்ற நீர்ப்பரப்பு அங்கே பெரிய அளவில் இருப்பதும் ஒரு காரணம்.

திருப்பூர் வாசகர்: நஞ்சராயன் குளத்தில் மார்கழியில் பழுப்பாக இருந்த சிறு உள்ளான்கள் பங்குனியில் செம்பழுப்பாகத் தெரிந்தன. புதிதாக வந்த கூட்டமா? ஒன்றன் காலில் ஏதோ பட்டை இருந்ததாகவும் தோன்றியது.

நீங்கள் கண்டவை பெரும்பாலும் கொசு உள்ளான்களாக இருக்க வேண்டும், அதே பறவைகளாகவும் இருக்கலாம். வலசை வந்த காலத்தில் சேற்றோடு சேறாக மறைந்திருக்க உதவும் மங்கிய இறகை உதிர்த்துவிட்டு, வடதுருவத்தை ஒட்டிய தம் பிறப்பிடத்தில் துணை தேடுவதற்கான வண்ண இறகை அவை இங்கிருக்கும்போதே அணியத் தொடங்குகின்றன. கடற்கரையில் வளைமூக்கு உள்ளானிடம் இம்மாற்றம் இன்னும் எடுப்பாகத் தெரியும். சாம்பலாக வந்த பறவை செங்கல் நிற மார்போடு சைபீரியாவுக்குத் திரும்பும்.

இறகு மாற்றத்தோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கத் தேவையான கொழுப்பை இந்தச் சில வாரங்களில்தான் உடலில் சேர்த்தாக வேண்டும். படம் எடுப்பதற்காக நாம் நான்கடி முன்னே வைக்கும்போது கூட்டம் முழுவதும் எழும்பிப் பறந்து வட்டமடித்து இறங்குகிறதே, அப்போது செலவாவது அந்தக் கொழுப்பு. குளக்கரையில் குழந்தைகள் கைதட்டிப் பறவைகளைப் பறக்கவிடுவதைப் பெற்றோர் வேடிக்கை பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அன்போடு தடுத்துச் சொல்லுங்கள், சொன்னால் கேட்கிறார்கள்.

காலில் பட்டையைக் கண்டால் எந்தக் கால், கணுக்காலுக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து ஏதும் உண்டா என்று குறித்துக்கொண்டு, முடிந்தால் படத்தோடு மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். கோடியக்கரையில் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருபவர்கள் அவர்கள். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் கண்டறியப்பட்டதும் இப்படிப் பார்த்தவர்கள் எழுதியதால்தான்.

சத்தியமங்கலம் வாசகர்: எங்கள் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் திரியும் வெளிமான் கடற்கரையிலும் இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா?

உண்மை. 1967 இல் கோடியக்கரைச் சரணாலயம் அமைந்ததே முதன்மையாக வெளிமானுக்காகத்தான். வெளிமானுக்கு வேண்டியது தொலைவு வரை கண் செல்லக்கூடிய புல்வெளி. பகையைக் கண்ணால் கண்டு ஓடித் தப்பும் விலங்கு அது. அந்த வெளி மலையடிவாரத்தில் இருந்தாலும் கடலோரத்தில் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். முறுக்கிய கொம்போடு கரும்பழுப்பாக நிற்பது ஆண், மணல் நிறத்தில் கொம்பின்றி இருப்பது பெண்.

இரண்டு இடங்களுக்கும் பகையும் ஒன்றாகவே இருப்பதுதான் வருத்தம். சீமைக்கருவேலம் புல்வெளியை மூடுகிறது. அதன் இனிப்பான காய்களை மான்களே தின்று, புழுக்கையோடு விதையைப் பரப்பியும் விடுகின்றன. கோடியக்கரையில் காட்டில் திரியும் மட்டக் குதிரைகளும் அதே புல்லுக்குப் போட்டியிடுகின்றன. குதிரைகள் படத்துக்கு அழகாக இருந்தாலும், அங்கே முதல் உரிமை மானுக்கு என்றே நான் நினைக்கிறேன்.

கோபிசெட்டிபாளையம் வாசகி: வேளாங்கண்ணி சென்றபோது கரையில் ஒரு பெரிய ஆமை இறந்து கிடந்தது. காயம் எதுவும் தெரியவில்லை. என் மகள் இரண்டு நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். எதனால் இறந்திருக்கும்?

மாசி, பங்குனியில் முட்டையிடக் கரையேறுவதால் மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் ஆமையாக இருக்க வாய்ப்பு அதிகம். முதிர்ந்த ஆமையின் ஓடு இரண்டடிக்குச் சற்று மேல் நீளம் இருக்கும், எடை ஏறத்தாழ 40 கிலோ வரும். உங்கள் மகளிடம் உண்மையைச் சொல்லலாம்: ஆமை கடலில் வாழ்ந்தாலும் நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் உயிர். விசைப்படகுகள் கடலில் இழுத்துச் செல்லும் இழுவை மடி என்னும் வலையில் சிக்கிக்கொண்டால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் திணறி இறந்துவிடும். உடலில் காயம் இருக்காது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இவ்வாறு ஒதுங்கியதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான ஆண்டுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அது மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி வகுத்தது. அது தொடங்குவதற்குள் பெரும்பாலான ஆமைகள் முட்டையிட்டு முடித்துவிடுகின்றன. எனவே ஆமைக்குக் காப்பு, ஜனவரி முதல் கரையை ஒட்டி மடி இழுக்காமல் இருப்பதும், ஆமை வெளியேறும் வழி வைத்த வலையைப் பயன்படுத்துவதும்தான். டீசல் விலையும் கடனும் நெருக்கும்போது வலையில் திறப்பு வைத்தால் மீனும் போய்விடுமே என்று படகுக்காரர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அந்த இழப்பை ஈடுகட்டும் பொறுப்பு அரசுக்கு இருக்கிறது.

மகளுக்கு மகிழ்ச்சியான செய்தியும் இருக்கிறது. ஓர் ஆமை ஒருமுறைக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் இடும். வனத்துறையினர் அவற்றைச் சேகரித்துக் கோடியக்கரை உள்ளிட்ட இடங்களில் வேலியிட்ட பொரிப்பகங்களில் மணலுக்குள் புதைத்துக் காக்கிறார்கள். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அவற்றைக் கடலில் விடுவார்கள். பொதுமக்கள் பார்க்க இடமுண்டா என்பதை வேதாரண்யம் பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, தேர்வு முடிந்ததும் அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசி விளக்கை மட்டும் அணைத்துவிடச் சொல்லுங்கள். குஞ்சுகள் கடலின் வெளிச்சத்தை நோக்கி நடப்பவை, வேறு ஒளியைக் கண்டால் திசை மாறிவிடும்.