ஓட்டு எடுக்காத கூட்டம்

போன இதழில் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, மகன் வீட்டில் ஆறு மாதம் பிலடெல்ஃபியா பக்கம் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் மீட்டிங்கில் போய் உட்கார்ந்திருந்தேன், அங்கே ஓட்டெடுப்பே கிடையாது, எல்லாம் ஒருமித்த முடிவுதான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான், வந்த தபாலில் பாதி அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை அதையே பேசித் தீர்த்துவிடுவோம்.

*கேள்வி: என் மகள் பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறாள். ஒரு வருடமாகக் குவேக்கர் கூட்டத்துக்குப் போகிறாளாம். இப்போது அங்கே 'பீஸ் அண்ட் சோஷியல் கன்சர்ன்ஸ் கமிட்டி' என்று ஒன்றில் இவளையும் சேர்த்திருக்கிறார்களாம். மதம் மாறிவிட்டாளா, அரசியலில் இறங்கிவிட்டாளா என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை. கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லைம்மா" என்கிறாள்.* – வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. குவேக்கர்களிடம் ஞானஸ்நானமே கிடையாது. உறுப்பினராக வேண்டும் என்றால் நாமே கடிதம் எழுதிக் கேட்க வேண்டும், அதற்கப்புறம் அவர்களில் ஓரிருவர் வந்து உட்கார்ந்து பேசுவார்கள், பிறகுதான் சேர்ப்பார்கள். கேட்காமலேயே இருபது வருடம் வந்து போகிறவர்களும் உண்டு. உங்கள் மகள் எந்த வகை என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் யாரும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

இவர்கள் கிறிஸ்தவத்திலிருந்து கிளைத்தவர்கள். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் தொடங்கிவைத்தது, 'நண்பர்கள் சபை' என்பது முறையான பெயர். கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் பாதிரியார் தேவையில்லை, எல்லாருக்குள்ளும் ஒரு வெளிச்சம் இருக்கிறது என்பது அடிப்படை. எல்லாருக்குள்ளும் இருக்கிறது என்றால் எதிரிக்குள்ளும் இருக்கிறது, அப்புறம் எப்படி அவனைச் சுடுவது? 1660-61 வாக்கிலேயே இரண்டாம் சார்லஸ் மன்னரிடம், எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் போன இடத்தில் பீடம் இல்லை, சிலுவை இல்லை, பாட்டு இல்லை. எதிரெதிராக மர பெஞ்சுகள். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். யாருக்காவது உள்ளிருந்து உந்தினால் எழுந்து ஓரிரு நிமிடம் பேசலாம். கடைசியில் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக் குலுக்கினால் முடிந்தது. (உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். குவேக்கர்கள் அதிகம் இருப்பது கென்யாவில், அங்கே பாஸ்டரும் உண்டு, பாட்டும் உண்டு.)

அந்தக் கமிட்டிக்கு வருவோம். எனக்குத் தெரிந்த கமிட்டியில் ஏழு பேர். மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு கிண்ணம் சூப்போடு பின்னறையில் கூடுவார்கள். சமாதானக் குழு என்றதும் நான் ஐ.நா. சபை ரேஞ்சுக்கு எதிர்பார்த்துப் போனேன். முதல் நாள் நாற்பது நிமிடம் ஓடியது ஒரே ஒரு விஷயத்தில்தான். அகதியாக வந்த ஒரு குடும்பத்தில் பாட்டிக்குப் பல்வலி, செவ்வாய்க்கிழமை யார் காரில் கூட்டிப்போவது, பாஷை தெரிந்தவர் யார் கூட இருப்பது. அப்புறம் சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்து வருகிறவர் ஐந்து நிமிடம் பேசினார். அப்புறம் தங்கள் தொகுதி எம்.பி.க்கு ராணுவச் செலவு பற்றி ஒரு கடிதம். வருடக் கடைசியில் சபையின் பணத்தில் எந்த நிவாரண வேலைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்வதும் இவர்கள்தான். கட்சிக்கு ஓட்டுக் கேட்பதில்லை, ஆனால் அரசாங்கத்திடம் வாயை மூடிக்கொண்டிருப்பதும் இல்லை. வாஷிங்டனில் இதற்கென்றே 1943-லிருந்து ஒரு குவேக்கர் அமைப்பு இருக்கிறது, எந்தச் சட்டத்துக்காகப் பாடுபடலாம் என்று ஊர் ஊராகச் சபைகளைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஆகவே அரசியலா என்றால், ஆமாம், கொஞ்சம் அரசியல்தான். அதில் பயப்பட எதுவும் இல்லை.

'கன்சர்ன்' என்கிற சொல்லை மட்டும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் அவர்கள் அதை 'கவலை' என்ற அர்த்தத்தில் சொல்வதில்லை. ஒருவரைப் பிடித்து ஆட்டுகிற, விட்டுத்தொலைக்க முடியாத ஒரு காரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜான் உல்மன் என்று ஒருவர், 1740-களில் நியூஜெர்சியில் ஒரு கடையில் எழுத்து வேலை. முதலாளி தன் அடிமைப் பெண்ணை விற்கிறார், கிரயப் பத்திரம் எழுது என்கிறார். எழுதிவிடுகிறார். அந்த ஒரு காகிதம் அவரை ஆயுசுக்கும் விடவில்லை. அடுத்த முறை இன்னொருவர் கேட்டபோது முடியாது என்றுவிட்டார், பிறகு ஊர் ஊராகப் போய் அடிமை வைத்திருந்த குவேக்கர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து அவர்களிடம் பேசினார். கமிட்டிக்கு ஒருவர் 'எனக்கு ஒரு கன்சர்ன்' என்று வந்தால், அது இந்த வகையா அல்லது காலையில் பேப்பர் படித்ததால் வந்த கொதிப்பா என்று பார்ப்பதுதான் அவர்களின் முதல் வேலை.

*கேள்வி: ஓட்டெடுப்பே கிடையாது, எல்லாம் ஒருமித்த முடிவு என்று எழுதியிருந்தீர்கள். இதில் என்ன அதிசயம்? எங்கள் ஊர் மந்தையில் கூடும் கூட்டத்திலும் காலங்காலமாக ஒருமனதாகத்தான் முடிவெடுக்கிறோம்.* – ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலூர்

பதில்: ஐயா, நீங்கள் ஆசிரியர், நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மந்தையில் யார் உட்கார்ந்திருப்பார்கள், யார் நிற்பார்கள், யார் வரவே மாட்டார்கள்? 1996-லிருந்து பத்து வருடம் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கியும் ஒழுங்காக ஒரு தேர்தல் நடக்கவில்லை. ஒன்று மனுத்தாக்கலுக்கே ஆள் வராது, அல்லது ஜெயித்தவர் பதவியேற்ற சூட்டோடு ராஜினாமா. கேட்டால் ஊர் முடிவு. 2006-ல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்று, 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்பட்ட சுவருக்கும், 1989-ல் இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்றுதான் ஒரு தரப்பு காரணம் சொன்னது. பயந்தவன் கையெழுத்தும் கையெழுத்துதானே, காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

குவேக்கர் கூட்டத்தில் நான் பார்த்தது இதற்கு நேர் எதிர். கூட்டம் நடத்துகிறவருக்கு கிளார்க் என்று பெயர், நம்மூர் குமாஸ்தா இல்லை. அவருக்கென்று தனி அதிகாரம் எதுவும் கிடையாது. எல்லாரும் பேசி முடித்ததும் கூட்டத்தின் மனம் எங்கே வந்து நிற்கிறது என்று அவருக்குப் படுவதை அந்த இடத்திலேயே ஒரு பத்தியாக எழுதி உரக்கப் படிப்பார். சரி என்றால் அடுத்த விஷயம். இல்லையென்றால் அங்கேயே திருத்துவார்கள். வீட்டுக்குப் போய் மினிட் எழுதி அடுத்த மாதம் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று படிக்கிற வேலை கிடையாது. (எங்கள் காலனி செயலாளர் இதைப் படித்தால் என்னோடு பேச மாட்டார்.)

ஒரு சம்பவம். வாசலில் ஒரு பேனர் கட்டலாம் என்று கமிட்டி யோசனை கொண்டுவந்தது, போரை எதிர்த்து. வாசகம் கொஞ்சம் சூடாக இருந்தது, போருக்குப் போகிறவர்களையும் சேர்த்துச் சுடுகிற மாதிரி. எண்பதை நெருங்கிய ஒரு அம்மா, எப்போதும் மடியில் பின்னல் வேலை வைத்திருப்பார், ஊசியை நிறுத்தாமலேயே சொன்னார், "என் பேரன் ராணுவத்தில் இருக்கிறான். இந்த வாசகத்தைத் தாண்டி அவன் உள்ளே வருவானா?" அறையில் இருபத்துச் சொச்சம் பேர், அவர் ஒருத்தர்தான் மறுப்பு. கிளார்க் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் பேசாமல் உட்கார்ந்தோம். கடிகாரச் சத்தமும் ஊசிச் சத்தமும்தான். அந்த மாதம் முடிவில்லை, அடுத்த மாதமும் இல்லை. மூன்றாவது மாதம் "போர் தீர்வாகாது" என்று வேறொரு வாசகம் வந்தது. அந்த அம்மா தலையாட்டினார், பேனரின் ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்ததும் அவர்தான். ஓட்டு எடுத்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும், அவர் அடுத்த வாரம் வந்திருக்க மாட்டார்.

ஆனால் இதைப் பாடி வணங்க நான் தயாரில்லை. 1688-ல் பிலடெல்ஃபியாவை ஒட்டிய ஜெர்மன்டவுனில் நாலு பேர், அடிமை முறை தப்பு என்று எழுதி மாதக் கூட்டத்தில் (அதுதான் உள்ளூர் அளவு, அதற்கு மேலே காலாண்டுக் கூட்டம், அதற்கும் மேலே வருடக் கூட்டம்) கொடுத்தார்கள். விஷயம் கனமானது என்று அது காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது, அது வருடக் கூட்டத்துக்குத் தள்ளியது, வருடக் கூட்டம் இப்போது முடிவு சொல்வது சரியில்லை என்று ஒதுக்கிவைத்தது. அடிமை வைத்திருப்பவர்கள் உறுப்பினராக இருக்க முடியாது என்று பிலடெல்ஃபியா வருடக் கூட்டம் தீர்த்துச் சொன்னது 1776-ல். கணக்குப் போட்டால் 88 வருடம். எல்லார் மனமும் ஒன்றாகட்டும் என்று காத்திருந்தபோது, அடிமை வைத்திருந்தவர்களின் மனமும் அந்த 'எல்லாரில்' இருந்தது, அடிமைகளின் மனம் இல்லை. அந்த அறையில் யார் இல்லை என்பதைப் பொறுத்துத்தான் அமைதிக்கு மதிப்பு. உங்கள் மந்தைக்கும் இதைத்தான் சொல்கிறேன் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

*கேள்வி: குவேக்கர் ஓட்ஸ் டப்பாவில் தொப்பி போட்டுச் சிரிக்கிறாரே, அவர்தான் இவர்களின் சாமியா?* – மாணவர், கீழமாசி வீதி

பதில்: தம்பி, அந்தக் கம்பெனிக்கும் இந்தச் சபைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. குவேக்கர் கடைக்காரர்கள் கலப்படம் செய்ய மாட்டார்கள், விலையை ஏற்றி இறக்கிப் பேச மாட்டார்கள் என்று அந்தக் காலத்தில் நல்ல பெயர் இருந்தது, அதை 1877-ல் டிரேட்மார்க்காக எடுத்துக்கொண்டார்கள். நம்மூரில் மூலைக்கு மூலை 'ஒரிஜினல்' ஜிகர்தண்டா போர்டு தொங்குகிறதே, அது மாதிரி.

*கேள்வி: மதுரைக்கும் குவேக்கர்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? அல்லது எல்லாம் அமெரிக்கக் கதைதானா?* – கல்லூரி ஆசிரியை, நாகமலை புதுக்கோட்டை

பதில்: உண்டு, அதுவும் சுவாரசியமான சம்பந்தம். 1930 மார்ச்சில், உப்பு சத்தியாகிரகம் தொடங்கும் முன்னால் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற இளம் ஆங்கிலேயக் குவேக்கர். வெள்ளைக்காரனுக்கு எழுதிய கடிதத்தை வெள்ளைக்காரன் கையாலேயே அனுப்பலாம் என்று காந்திக்கு ஒரு குறும்பு இருந்திருக்கும் என்பது என் ஊகம். அந்த ரெனால்ட்ஸைத் தன் வீட்டில் தங்கவைத்தார் அமெரிக்க மதுரை மிஷனில் வேலை பார்த்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். ஆங்கிலேய அரசுக்குப் பொறுக்கவில்லை, கெய்தான் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தார், 1944-ல் மறுபடி அனுப்பினார்கள், சுதந்திரத்துக்கப்புறம் மறுபடி வந்து காந்திகிராமம் பக்கமே இருந்துவிட்டார். அவர் குவேக்கர் இல்லை, ஆனால் குவேக்கருக்குச் சோறு போட்டு நாடு கடத்தப்பட்டவர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

இன்னொருவர் மார்ஜரி சைக்ஸ். 1928-ல் சென்னைக்குப் பள்ளிக்கூட டீச்சராக வந்தவர், தமிழ் கற்றவர், பிறகு சாந்திநிகேதன், சேவாகிராமம், கோத்தகிரி என்று வாழ்ந்தவர். குவேக்கர். நோபல் சமாதானப் பரிசு 1947-ல் இரண்டு குவேக்கர் சேவை அமைப்புகளுக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. காந்திக்கு அந்தப் பரிசு எந்த வருடமும் கொடுக்கப்படவில்லை. அடுத்த முறை தமுக்கம் பக்கம் போனால் காந்தி மியூசியத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், குவேக்கர் ஆராதனைக்கு நம்மூரில் அதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

*கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இப்படி ஒரு குழு தொடங்கலாம் என்று நாலைந்து பேருக்கு ஆசை. எதில் தொடங்குவது?* – வாசகர்கள், எஸ்.எஸ். காலனி

பதில்: பெயர் வைப்பதில் தொடங்காதீர்கள். லெட்டர்பேடு அடிக்காதீர்கள். எங்கள் தெருவில் அதைத்தான் செய்தோம், ஊர்வலமும் போனோம், 'சமாதானம்' என்று பெரிய பேனர், அக்டோபர் இரண்டு, போட்டோ. மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு நான் பால் வாங்கப் போகிறேன், குப்பை வண்டி தள்ளுகிற அம்மா எங்கள் வீட்டுச் சுவரோரம் அந்தக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "இங்கயா உக்காந்து சாப்புடுறீங்க, அந்தப் பக்கம் போகலாமே" என்றேன். "அங்க வாட்ச்மேன் விரட்டுறாருங்க சார்" என்றார். அந்த வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுப்பது நாங்கள்தான்.

பிலடெல்ஃபியா சூப் கிண்ணம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பத்து விஷயம் எடுக்காமல் ஒன்றை எடுத்தோம். காலை ஐந்தரையிலிருந்து பதினொன்று வரை இந்தத் தெருக்களில் வேலை செய்கிற ஆறு பெண்கள் எந்தக் கழிப்பறைக்குப் போகிறார்கள்? யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்டதில்லை. அவர்களையே கூட்டத்துக்கு வரச் சொன்னோம், வேலை முடிந்து வருகிற மாதிரி நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றினோம். முதல் முறை ரெண்டு பேர் வந்து தரையில் உட்காரப் போனார்கள், நாற்காலியில் உட்காரவைக்கவே பத்து நிமிடம் ஆனது. ஓட்டு எடுக்கவில்லை. எழுதியதை அங்கேயே படித்துக் காட்டினோம். "எல்லார் வீட்லயும் வேணாங்க, ஒரு எடம் போதும், ஆனா பூட்டக் கூடாது" என்று ஒருவர் திருத்தம் சொன்னார், அப்படியே எழுதிக்கொண்டோம்.

சங்கக் கட்டிடத்தின் பின்பக்கக் கழிப்பறைதான் அந்த இடம். மூன்று கூட்டம் பிடித்தது. ஒருவர் இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை, குறுக்கே நிற்கவும் மாட்டேன் என்றார், அதையும் அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறோம். தண்ணீர் மோட்டார் மட்டும் காலை ஆறு மணிக்குத்தான் போடுகிறார்கள், ஐந்தரைக்கே போட வேண்டும் என்று அடுத்த மாதம் பேசப்போகிறோம். வாளி ரெண்டு வாங்கியாயிற்று.