அண்ணன் சோம்பேறி இல்லை

கேள்வி: என் அண்ணனுக்கு மனச்சிதைவு. ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறார். சோம்பேறி என்று அப்பா திட்டுகிறார். என்ன செய்வது? - வாசகி, திருவாரூர்

பதில்: அது சோம்பல் இல்லை அம்மா, நோயின் ஒரு பகுதி. இந்த நோயில் காதில் கேட்கும், நிஜத்தில் இல்லாத குரல்களை மாத்திரை அடக்கும்; போன உற்சாகம் மெல்லத்தான் திரும்பும். என் தம்பியும் இப்படித்தான் கிடந்தான். தெருமுனை டீக்கடைக்காரர், "காலையில் வந்து கிளாஸ் கழுவட்டும்" என்றார். முதல் வாரம் பத்து நிமிடம்தான் நின்றான். நாலாம் மாதம் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தான். அம்மா கடை வாசலிலேயே அழுதுவிட்டார்.

வீட்டில் திட்டு கூடினால் நோய் திரும்பவும் வாய்ப்பு கூடும், அப்பாவிடம் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் மறுவாழ்வு பற்றிக் கேளுங்கள். அப்புறம், மனம்விட்டுப் பேச அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண், டெலி மானஸ் 14416 இருக்கிறது. அப்பாவும் பேசலாம்.