உடைந்த கண்ணாடியை சர்வேயர் பார்த்தாரா?

கேள்வி (திருப்பூர் வாசகர் ஒருவர் பாலிசி நகலோடு அனுப்பிய கடிதத்தின் சுருக்கம்): பெருந்துறை அருகே டிப்பர் லாரியிலிருந்து கல் விழுந்து என் கார் முன்கண்ணாடியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சில்லு பெயர்ந்தது. லாரி நிற்கவில்லை, நம்பரும் தெரியாது. மறுநாள் காலை ஏசி போட்டதும் விரிசல் முழு அகலத்துக்கும் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை பழனியில் மகளுக்குக் காதுகுத்து. அதனால் அன்றே உள்ளூர்க் கடையில் ரூ.26,850-க்கு மாற்றினேன். பில் போட்டால் ஜிஎஸ்டி கூடும் என்றதால் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். கண்ணாடி மாற்றியதும் கேமரா எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஷோரூமில் ரூ.9,500 கொடுத்து கேலிபரேஷன் (கேமராவைச் சீரமைப்பது) செய்ததும் அணைந்தது. ஆனால் "இது கம்பெனிக் கண்ணாடி இல்லை, மாற்றியே ஆகவேண்டும்" என்று ரூ.61,000-க்கு எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். 11 நாள் கழித்து கிளைம் போட்டேன். சர்வேக்கு (நிறுவனத்தின் சேத மதிப்பீட்டாளரான சர்வேயர் வந்து பார்ப்பதற்கு) முன்பே மாற்றிவிட்டதாகச் சொல்லி நிராகரித்தார்கள். "அவசரத்தில் மாற்றியது அவ்வளவு பெரிய குற்றமா?" என்று காட்டமாக மெயில் போட்ட பிறகு, கருணைத்தொகையாக ரூ.17,500 தருகிறோம், இதோடு தீர்ந்தது என்று ஒப்புக்கொள்ளும் வவுச்சரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். கிளை மேலாளர் என் மனைவி முன்னால் எடுத்தெறிந்து பேசினார். எல்லார் மேலும் வழக்குப் போட்டு ரூ.5 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா? ஷோரூம் ஊழியர், "மறுபடி உடைந்ததாகப் புது கிளைம் போடுங்கள், ஒரிஜினல் போட்டுத் தருகிறோம்" என்கிறார். அதைச் செய்யலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்யாதீர்கள். ஏன் என்பதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். மற்றதையெல்லாம் தவிர்த்துவிட்டு அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

கடிதத்தில் மேலாளரின் பேச்சு இரண்டு பக்கம் இருக்கிறது. மனம் புண்பட்டது புரிகிறது. வழக்கில் அதற்கு இடமில்லை. லாரியையும் விட்டுவிடுங்கள். நம்பர் இல்லாமல் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது? பின்னால் வந்த வண்டியின் டேஷ்கேமில் நம்பர் கிடைத்தால் ஆறு மாதத்துக்குள் மனுப் போடலாம். ஆனாலும் ஒரு கண்ணாடிக்காக அந்த வழியில் போகச் சொல்லமாட்டேன்.

உங்கள் விவகாரத்தில் சட்டப்படி பொருட்படுத்த வேண்டியது ஒன்றுதான். பழைய கண்ணாடி வண்டியில் இருக்கும்போதே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் போனதா? போகவில்லை. பாலிசியின் முதல் பிரிவை எடுத்துப் பாருங்கள். நிறுவனத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல் நீங்களே பழுதுபார்க்க உத்தரவிடலாம், ஆனால் மதிப்பீடு ரூ.500-ஐத் தாண்டக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். 2002 மோட்டார் டாரிஃப் என்ற வாகனக் காப்பீட்டு விதித்தொகுப்பிலிருந்து அப்படியே வரும் வாசகம் அது. இன்றைக்கு ஐந்நூறு ரூபாயில் கண்ணாடி ஓரத்து பீடிங் ரப்பர்கூட வராது. ஆனாலும் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறது, நிராகரிப்புக் கடிதம் அதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

தாமதத்தை மட்டும் காரணம் காட்டி கிளைமைத் தள்ளக்கூடாது என்ற இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அச்செடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்: ஓம் பிரகாஷ் (2017), குர்ஷிந்தர் சிங் (2020). நல்ல தீர்ப்புகள்தான், ஆனால் இரண்டும் வண்டி திருட்டு வழக்குகள். குர்ஷிந்தர் சிங் வழக்கில் திருட்டு நடந்த உடனே போலீசில் எஃப்ஐஆர் பதிவாகிவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வது தாமதமானாலும் சம்பவத்துக்கு வேறொரு நம்பகமான பதிவு இருந்தது. உங்களிடம் அப்படி என்ன இருக்கிறது? உடைந்த கண்ணாடியைக் கடைக்காரர் குப்பையில் போட்டுவிட்டார். ஜிஎஸ்டி பில் இல்லை. மைத்துனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு படம் இருக்கிறது, அதில் நம்பர் பிளேட் தெரியவில்லை. 11 நாள் தாமதத்தைவிட இந்தச் சாட்சியமின்மைதான் வழக்கைக் கெடுக்கும்.

அந்தப் படத்தின் மூலக்கோப்பு போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் போன நகலில் எடுத்த நேரமும் இடமும் உதிர்ந்துவிடும், மூலத்தில்தான் இருக்கும். எங்கே தாக்கல் செய்தாலும் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றோடு (மின்னணுப் பதிவுக்கான சான்று) கொடுக்கலாம். உங்கள் கையில் இருக்கும் ஒரே உருப்படியான சாட்சியம் அதுதான்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். எல்லாவற்றையும் முறையாகச் செய்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்? வெள்ளைத்தாளில் உள்ளபடி கண்ணாடி ரூ.21,800, பீடிங்கும் கிளிப்பும் ரூ.1,150, பசையும் பிரைமரும் ரூ.1,900, கூலி ரூ.2,000. கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது, முழுத்தொகையும் வரும். ரப்பர், பிளாஸ்டிக்குக்குப் பாதிதான், அதாவது ரூ.575. உங்கள் பாலிசியில் ஜீரோ டெப்ரிசியேஷனும் (தேய்மானம் கழிக்காத சேர்ப்பு) இல்லை, கன்ஸ்யூமபிள்ஸ் சேர்ப்பும் (பசை போன்ற உபயோகப் பொருட்களுக்கானது) இல்லை. ஆகவே பசைக்கான தொகையைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். கூலி வரும். ஆக ரூ.24,375. உங்கள் வண்டி 1500 சிசிக்குள் இருப்பதால் கட்டாயக் கழிவு (கிளைமில் நீங்களே ஏற்கவேண்டிய பங்கு) ரூ.1,000 போக ரூ.23,375.

தருவதாகச் சொல்வது ரூ.17,500. அப்படியானால் நீங்கள் சண்டை போடுவது ரூ.5,875-க்காக. ஐந்து லட்சம் என்ற எண்ணை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வழக்குப் போட்டு ஜெயித்தாலும் நிலைமை இதுதான். பாலிசி நிபந்தனையை மீறியிருந்தாலும் கிளைமை முழுதாகத் தள்ளாமல் 75 சதவீதம் வரை கொடுத்து முடிக்கும் வழக்கம் உண்டு. அமலேந்து சாஹு (2010) தீர்ப்பு அதற்கு ஆதாரம். ரூ.24,375-இல் 75 சதவீதம் ரூ.18,281. கழிவு போக ரூ.17,281. உங்களிடம் நீட்டியிருக்கும் தொகை அதைவிட ஒரு நூலிழை கூடுதல். இரண்டு வருடம் நுகர்வோர் ஆணையத்துக்கு அலைந்து வாங்கப்போவதை இப்போதே தருகிறார்கள்.

கேலிபரேஷன் செலவு ரூ.9,500-க்குக் கடைக்காரர் பொறுப்பா? அதுவும் நிற்காது. முன்கண்ணாடியில் கேமரா உள்ள வண்டியில் யார் கண்ணாடி மாற்றினாலும், ஷோரூமே மாற்றினாலும், கேமராவை மறுபடி சீரமைத்தே ஆகவேண்டும். எப்படியும் செய்திருக்க வேண்டிய செலவு, கடையால் வந்த நஷ்டம் ஆகாது. சீரமைத்த பிறகு விளக்கு அணைந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கண்ணாடி வழியாகக் கேமராவால் சரியாகப் பார்க்க முடிகிறது என்பதற்கு அதுவே சாட்சி. கண்ணாடியில் குறை என்று சொல்ல உங்களிடம் நிபுணர் அறிக்கையும் இல்லை, பில்லும் இல்லை. 18 சதவீதம், அதாவது ரூ.4,833 மிச்சம் என்று நினைத்து விட்ட பில்தான் கடைக்காரருக்கு எதிராக உங்களுக்கு இருந்திருக்கக்கூடிய ஒரே ஆயுதம்.

ரூ.61,000 எஸ்டிமேட்டைப் பார்த்துப் பதறவேண்டாம். லோகோ உள்ள கம்பெனிக் கண்ணாடிக்கும் வெளிச்சந்தைக் கண்ணாடிக்கும் விலை இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்படுவது சாதாரணம். மழை சென்சார், ஒலி தடுக்கும் நடு அடுக்கு, கேமரா பிராக்கெட் என்று சேரச் சேர ஏறும். பாதுகாப்பில் குறை என்று ஷோரூம் உண்மையாகவே நம்பினால், என்ன குறை என்று லெட்டர்பேடில் எழுதிக் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் கடைக்காரரிடம் பேச ஒரு பிடி கிடைக்கும். கொடுக்கவில்லை என்றால் அது விற்பனைப் பேச்சு. நீங்களே ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் கீழ்மூலையில், தபால்தலை அளவுக்கு, அழியாத வெள்ளை எழுத்தில் முத்திரை இருக்கும். அதில் ஐஎஸ்ஐ குறியும் ஐஎஸ் 2553 என்ற எண்ணும், லேமினேட்டட் (நடுவில் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) என்பதற்கான குறிப்பும் இருக்க வேண்டும். இருந்தால் அந்தக் கண்ணாடியோடு தைரியமாக ஓட்டுங்கள். இல்லாவிட்டால் காசு போனாலும் போகட்டும், அதை மாற்றிவிடுங்கள். பிள்ளைகளை ஏற்றிப் போகும் வண்டி.

இனி, ஆபத்தான இடத்துக்கு வருகிறேன். கண்ணாடி கிளைமில் ஆட்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது நிராகரிப்பில் இல்லை. நிராகரித்த பிறகு, அதைச் "சரிசெய்ய" யாரோ சொல்லும் யோசனையில்தான். புதுத் தேதி போடலாம், வேறு இடத்தில் கல்பட்டதாகச் சொல்லலாம், கடைக்காரரிடம் முன்தேதியிட்ட பில் வாங்கலாம், நல்ல கண்ணாடியை நாமே தட்டி உடைத்துவிட்டு சர்வேயரைக் கூப்பிடலாம். ஷோரூம் ஊழியர் சொன்னதற்குப் பொருள் கடைசியில் சொன்னதுதான்.

இது எப்படிப் பிடிபடும் தெரியுமா? சர்வேயர் முதலில் பார்ப்பதே அந்தக் கீழ்மூலை முத்திரையைத்தான். தயாரிப்பாளர் பெயரும், தயாரித்த மாதம் வருடத்தைக் காட்டும் புள்ளிகளும் அதில் இருக்கும். நான்காம் வருட பாலிசியில் இருக்கும் வண்டியில் இந்த வருடத்துக் கண்ணாடி, அதுவும் வேறு பிராண்டு என்றால், ஏற்கெனவே ஒருமுறை மாற்றியது உடனே தெரிந்துவிடும். அடுத்தது ஃபாஸ்டாக். பழைய கண்ணாடியோடு அதுவும் போயிருக்கும், புதிது வாங்கியிருப்பீர்கள். புது டாக் வழங்கிய தேதி வங்கியில் இருக்கிறது. சம்பவம் நடந்ததாகச் சொல்லும் நாளில் வண்டி எந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டியது என்பதும் பதிவாகியிருக்கிறது. போதாததற்கு, முதல் கிளைம் எண்ணும் உங்கள் மெயிலும் அவர்கள் கோப்பிலேயே கிடக்கின்றன.

பிடிபட்டால் ரூ.61,000 கிடைக்காது என்பதோடு முடியாது. மோசடி என்று சொல்லி பாலிசியையே ரத்து செய்யலாம். உண்மையான முதல் கிளைமும் அதோடு போகும். பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவில் ஏமாற்றுக் குற்றத்துக்குப் புகார் கொடுக்கலாம், அதன் 4-ஆம் உட்பிரிவில் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. கிளைம் படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. யோசனை சொன்ன ஊழியரின் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது. இப்போது உங்கள் பக்கம் அவசரம் மட்டும்தான் இருக்கிறது, பொய் இல்லை. அந்த நிலையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் போட்ட காட்டமான மெயிலிலும் இதே வகைச் சிக்கல் சிறிய அளவில் இருக்கிறது. "அவசரத்தில் மாற்றியது குற்றமா" என்ற வரி, தகவல் சொல்லாமல் மாற்றினேன் என்று நீங்களே எழுதிக்கொடுத்த ஒப்புதல். இனி அவர்களுக்கு இப்படிக் காட்டமாக எதுவும் எழுதவேண்டாம். கருணைத்தொகை என்பது அவர்கள் கட்டாயமாகத் தரவேண்டியதன்று, இன்னொரு சண்டை மெயில் போனால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும்.

வவுச்சர் விஷயம். வவுச்சரில் கையெழுத்துப் போட்டால் உரிமை போய்விடாது என்று இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. யுனைடெட் இந்தியா எதிர் அஜ்மேர் சிங் காட்டன் மில்ஸ் (1999) தீர்ப்பின்படி, வற்புறுத்தலோ ஏமாற்றோ நடந்தது என்று நிரூபித்தால் மட்டுமே கையெழுத்துக்குப் பிறகும் வழக்கு நிற்கும். மேலும் கேட்கும் உரிமையை இந்த வவுச்சரை வைத்துத் தடுக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2015-இல் சுற்றறிக்கை விட்டது. ஆனால் யோசித்துச் சம்மதித்து "முழுத் தீர்வு" என்ற தாளில் கையெழுத்திட்டு, பணமும் வங்கிக்கு வந்து, ஆறு மாதம் கழித்து வற்புறுத்தினார்கள் என்றால் யார் நம்புவார்கள்? ஒன்று வாங்கிக்கொண்டு விடுங்கள், அல்லது கையெழுத்துப் போடாமல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். இரண்டிலும் கால் வைக்காதீர்கள். குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீல் ஆஜராக முடியாது, நிராகரிப்புக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

கையெழுத்துக்கு முன் இன்னொரு கணக்கும் பார்க்கவேண்டும், கிட்டத்தட்ட எல்லோரும் மறப்பது இது. உங்களுக்கு இப்போது 35 சதவீத நோ கிளைம் போனஸ் (கிளைம் போடாத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) இருக்கிறது, அதைக் காக்கும் சேர்ப்பு பாலிசியில் இல்லை. ரூ.17,500-ஐ வாங்கினால் அடுத்த புதுப்பிப்பில் போனஸ் பூஜ்யம். வாங்காவிட்டால் 45 சதவீதம், அதற்குப் பிறகு 50. பூஜ்யத்திலிருந்து 20, 25, 35, 45 என்று மறுபடி ஏறவேண்டும். ஐந்து வருட வித்தியாசத்தைக் கூட்டினால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 120 சதவீதம் வருகிறது. உங்கள் அடிப்படைப் பிரீமியம் ரூ.11,000, ஆக இழப்பு ரூ.13,200 வரை. வண்டி மதிப்பு குறையக் குறைய இதுவும் கொஞ்சம் குறையும். அப்படியும் ரூ.17,500-இல் கையில் நிற்பது நாலாயிரத்துச் சொச்சம்தான்.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வண்டியை இன்னும் ஓரிரு வருடத்தில் விற்று, அடுத்து கார் வாங்கும் எண்ணமும் இல்லை என்றால், அந்த போனஸ் உங்களுக்கு முழுதாகப் பயன்படப்போவதில்லை. ரூ.17,500-ஐ வாங்கிக்கொண்டு கோப்பை மூடுங்கள். நீண்டநாள் ஓட்டுவீர்கள் என்றால், அல்லது இந்த போனஸைப் புதுக் காருக்கு மாற்றப்போகிறீர்கள் என்றால், கிளைமைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுங்கள். பணம் எதுவும் தராமல் கிளைம் மூடப்பட்டது, புதுப்பிப்பில் போனஸ் தொடரும் என்று பதில் கடிதம் வாங்காமல் விடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள், புதுப்பிக்கும் நாளில் கணினியில் கிளைம் இருப்பதாகக் காட்டினால் யாரிடம் முறையிடுவீர்கள்?

குறைதீர்ப்பாளரிடம் போவதென்றால், நாலைந்தாயிரம் கூடக் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு மட்டும் போங்கள். நுகர்வோர் வழக்கை இந்தத் தொகைக்கு நான் எடுத்து நடத்தமாட்டேன். வேறொருவர் நடத்துகிறேன் என்றால், கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தமுறை சில்லு பெயர்ந்தால், பேப்பர் அட்டையை ஒட்டி தூசி படாமல் மூடி, ஏசியை நேராகக் கண்ணாடிக்கு வைக்காமல், வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு அன்றே கிளைம் எண் வாங்குங்கள். நம்பர் பிளேட்டும் விரிசலும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். எஸ்டிமேட்டில் பீடிங், பசை, கேலிபரேஷன் மூன்றும் தனித்தனி வரியாக இருக்கவேண்டும். அதில் இல்லாத செலவை சர்வேயர் பிறகு சேர்க்கமாட்டார். காதுகுத்துக்கு ஒருநாள் வாடகைக் காரில் போயிருந்தால் மூவாயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

வவுச்சருக்குக் கெடு தேதி எதுவும் போட்டிருக்கிறார்களா என்று அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தையும் பாருங்கள், நீங்கள் அனுப்பிய நகலில் முதல் பக்கம்தான் இருக்கிறது.