ஏஎச்யூ அறையில் வழுக்கி விழுந்தேன், இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் பராமரிப்பு வேலையை எடுத்திருக்கும் காண்டிராக்ட் நிறுவனத்தில், ஒர்க் பர்மிட்டில் இருக்கிறேன். நேற்று ஏஎச்யூ அறையில் (ஏசிக் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் இயந்திரம் இருக்கும் அறை) தேங்கிய தண்ணீரில் வழுக்கி முழங்கால் திருகிக்கொண்டது. டாக்டர் மூன்று நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) தந்தார். சூப்பர்வைசரோ, “உன் கவனக்குறைவு, கிளைம் கிடையாது. ஸ்டோரில் வந்து சும்மா உட்கார்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு உரிமை இருக்கிறது. தவறு யாருடையது என்று வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் பார்ப்பதில்லை. வேலையால் காயம்பட்டதா என்றுதான் பார்க்கும். குடிபோதை, அடிதடி என்றால் கதை வேறு. ஒர்க் பர்மிட்டும் சம்பள அளவும் தடை இல்லை.

எம்சி நாளில் ஸ்டோருக்குப் போகாதீர்கள். வேலையிடக் காயத்துக்கு டாக்டர் எம்சி கொடுத்தால், நிறுவனம் தகவல் அறிந்த 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டர் எழுதித் தரும் லைட் டியூட்டிக்கும் (இலகுவான வேலை) 2020 செப்டம்பரிலிருந்து இதே விதிதான். வெளிநோயாளிக்கு 14 நாள் எம்சி வரை முழுச் சம்பளம், மருத்துவச் செலவும் முதலாளியுடையது. நிறுவனம் இழுத்தடித்தால் நீங்களே அமைச்சில் கிளைம் போடலாம், கெடு ஓராண்டு. பேசத் தயக்கமாக இருந்தால் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் மைக்ரன்ட் ஒர்க்கர்ஸ் சென்டரில் உதவி கேளுங்கள்.

இன்றே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: எந்த அறை, எத்தனை மணி, யார் பார்த்தார்கள். டாக்டரிடமும் ‘வேலையில் விழுந்தேன்’ என்று சொல்லிப் பதியச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரைப் படம் எடுக்கக் கூட்டாளியிடம் சொல்லுங்கள், துடைப்பதற்கு முன்பே.

அந்தத் தண்ணீர் எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். நம் ஊர் ஈரக்காற்று ஏஎச்யூவின் குளிர்ந்த குழாய்ச் சுருளில் (கூலிங் காயில்) பட்டு நீராகி அடித்தட்டில் சொட்டும். வடிகுழாயில் பாசி அடைத்தால் தட்டு நிரம்பித் தரைக்கு வழியும். மருத்துவமனையில் ஏசி இரவு பகலாக ஓடுவதால் தரை காயவே காயாது. இதற்குத் துடைப்பம் போதாது, குழாயை ஒழுங்காகச் சுத்தம் செய்ய வேண்டும். அதே ஈரக் காலணியோடு வார்டின் வழவழப்பான தரையில் கால் வைத்தால் அங்கேயும் வழுக்கும். இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ விரலைத்தான் காக்கும். அடிப்பாகம் தேய்ந்திருந்தால் புதிது கேளுங்கள்.

அப்புறம், முழங்கால். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநார் கிழிசல் தெரியாது. விழும்போது ‘டப்’பென்று சத்தம் கேட்டிருந்தாலோ, வீக்கம் வடியாவிட்டாலோ, படி இறங்கும்போது கால் மடங்கினாலோ, ஏணி ஏறுவதற்கு முன் மறுபடி டாக்டரைப் பாருங்கள்.